நிழல் மறையும் இடம்

ஐப்பசி மழைக்காலையில் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் நின்றால் வானமும் கடலும் ஒரே சாம்பலாகக் கிடக்கும். அந்தச் சாம்பலுக்குள் தூரத்தில் போகும் படகை ஒருவர் சட்டென்று கைகாட்டுவார். பக்கத்தில் நிற்பவர் "எங்கேங்க?" என்று தேடுவார். இத்தனைக்கும் இருவருக்குமே கண் பரிசோதனையில் 6/6 வந்திருக்கலாம். எழுத்துப் பலகை பார்ப்பது கூர்மையை. படகைக் காட்டுவது காண்ட்ராஸ்ட்டை உணரும் திறன்: பொருளுக்கும் பின்னணிக்கும் உள்ள மெல்லிய வெளிச்ச வேறுபாட்டைப் பிரித்தறிவது.

இதை அளக்க முதலில் உதவிய கருவி இரண்டு மெழுகுவத்தியும் ஒரு குச்சியும்தான். பியர் பூகே என்ற பிரெஞ்சு அறிஞரின் சோதனை அது. அவர் இறந்த பிறகு, 1760இல் வெளிவந்த அவரது நூலில் இருக்கிறது. வெள்ளைத் திரைக்கு அருகில் ஒரு மெழுகுவத்தி. தள்ளி இன்னொன்று. தள்ளியிருப்பதன் வெளிச்சத்தைக் குச்சி மறைப்பதால் திரையில் நிழல் விழும். அந்த மெழுகுவத்தியைப் பின்னால் நகர்த்த நகர்த்த நிழல் வெளிறும். முதல் மெழுகுவத்தியைப் போல 8 மடங்கு தூரம் போனதும் நிழல் காணாமல் போயிற்று. தூரம் 8 மடங்கானால் வெளிச்சம் 64இல் ஒரு பங்காகும். ஆக, அறுபத்து நாலில் ஒரு பங்கு வேறுபாடுதான் பூகேவின் கண்ணுக்கு எல்லை. கரண்ட் போன இரவில் வீட்டுச் சுவரிலேயே இதைச் செய்து பார்க்கலாம்.

1968இல் கேம்பிரிட்ஜில் கேம்பெல், ராப்சன் இருவரும் மெழுகுவத்திக்குப் பதில் ஆசிலோஸ்கோப் திரையை வைத்தார்கள். அதில் வெளிச்சமும் இருளும் அலைபோல் ஏறி இறங்கும் பட்டைகள். பட்டைகள் மங்கி மறையும் இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட சோதனைகளில் தெரிந்த விஷயம் விசித்திரமானது. மிக நெருக்கமான பட்டைகள் கண்ணுக்குக் கஷ்டம் என்பது எதிர்பார்த்ததே. மிக அகலமான பட்டைகளும் கஷ்டமாக இருந்தன! கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் நகம் மறைக்கும் அகலத்துக்குள் மூன்று முதல் ஐந்து ஜோடிப் பட்டைகள் இருந்தால்தான் கண் உச்சத் திறமையைக் காட்டுகிறது. அப்போது ஒரு சதவீதத்துக்கும் குறைவான வேறுபாடு அதற்குப் போதும்.

இத்தனை மங்கலான பட்டைகளைத் திரையில் வரையச் சொன்னால் கம்ப்யூட்டர் தடுமாறுகிறது. சாதாரணத் திரையில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகள். ஒரு சதவீத வேறுபாட்டுக்குள் மூன்று நான்கு படிகளே கிடைக்கும். அதைக்கொண்டு வழவழப்பான அலையை வரைய முடியாது. அதனால் ஆய்வகங்கள் 16,384 படிகள் தரும் தனிக் கருவியை மாட்டுகின்றன. அளவுகோலைவிட அளக்கப்படும் பொருள் நுட்பமாக இருப்பது அபூர்வம்தான்.

மருத்துவமனைக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. 1988இல் வந்த பெல்லி–ராப்சன் பலகை சுவரில் தொங்கினால் போதும். எழுத்துகள் எல்லாம் ஒரே அளவு, பெரியவை. மும்மூன்றாக 16 தொகுதிகள். இரண்டு தொகுதி தாண்டினால் காண்ட்ராஸ்ட் பாதியாகும். கண்ணின் எல்லையை நெருங்கும் வரியில் முதலில் வெறும் வெள்ளைதான் தெரியும். சற்று உற்றுப் பார்த்தால் எழுத்து மெல்ல எழும்பி வரும். அதனால் பரிசோதிப்பவர் அவசரப்படுத்தக் கூடாது. பலகையில் விரலும் படக் கூடாது: கைரேகையின் அழுக்கு அந்த எழுத்தைவிடக் கறுப்பாக இருக்கும்.

இதெல்லாம் யாருக்கு? டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் தொடங்கி, புதுச்சேரியின் ஸ்ரீ அரவிந்தர் பெயரையே சூட்டிய கண் மருத்துவமனை, 2003இல் இங்கே தவளக்குப்பத்திலும் வந்தது. அங்கே வரும் கண்புரை நோயாளிகளை எண்ணிப் பாருங்கள். புரை, உள்ளே வரும் வெளிச்சத்தைச் சிதறடித்துப் படம் முழுவதிலும் வெண்மை பூசுகிறது. கறுப்பு எழுத்து அதையும் மீறித் தெரியும். சிமென்ட் படியின் விளிம்பும், சாயம் போன வேகத்தடையும் தெரியாது. கண் நீர் அழுத்த நோய், சர்க்கரை நோய் ஆகியவற்றிலும் எழுத்துக் கூர்மை குறையுமுன் இந்தத் திறன் குறையலாம்.

அப்பாவோ அம்மாவோ "பேப்பர் படிக்க முடியுது, ஆனா படி தெரியலை" என்றால் வயசாச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அந்த வார்த்தையை அப்படியே கண் மருத்துவரிடம் சொல்லி, காண்ட்ராஸ்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். படியின் விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்க மருத்துவரைக் கேட்க வேண்டியதில்லை.