ஒரு நாள் வணக்கம், நாற்பது ஆண்டு வாழ்வு

சனவரி 14 நம் இல்லங்களில் பொங்கலுக்கும் மகர சங்கராந்திக்கும் உரிய பொழுது. 2016 முதல் அந்நாளுக்கு மற்றொரு சிறப்பும் சேர்ந்துள்ளது. அன்று நாடெங்கும் முன்னாள் படைவீரர் நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. போர் நினைவிடங்களில் மலர்வளையம் வைப்பதும், ஓய்வுபெற்ற வீரர்களை அழைத்துச் சிறப்பிப்பதும், அவர்தம் ஓய்வூதியக் குறைகளைக் கேட்டறிவதும் அன்றைய நிகழ்ச்சிகளாக அமைகின்றன. பண்டிகையின் ஆரவாரத்தில் இந்நாள் பலரது கவனத்திற்கு வராமலே கடந்துவிடுகிறது.

சனவரி 14-ஐத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1949 சனவரி 15-இல் ஜெனரல் பிரான்சிஸ் ராய் புச்சரிடமிருந்து தரைப்படைப் பொறுப்பை ஏற்று, இந்தியாவின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானவர் குடகு மண்ணின் மைந்தர் கே. எம். கரியப்பா. அந்நாள் தரைப்படை நாளாகப் போற்றப்படுகிறது. 1953 சனவரி 14-இல் அவர் பணி ஓய்வு பெற்றார். பதவியேற்ற நாளைக் கொண்டாடுவது எங்கும் உள்ள வழக்கம். பணியிலிருந்து விடைபெற்ற நாளையும் போற்றத்தக்கதாக ஆக்கியது இவ்விழாவின் தனித்தன்மை.

கரியப்பாவின் ஓய்வுக்காலமும் நினைவில் கொள்ளத்தக்கது. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 1964-இல் முன்னாள் படைவீரர் சங்கத்தை நிறுவி அவர்தம் நலனுக்காக உழைத்தார். 1986-இல் பீல்டு மார்ஷல் ஆனார். 1993-இல் மறைந்தார். சீருடையைக் களைந்தபின் அவர் வாழ்ந்தது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். இது தளபதிக்கு மட்டும் வாய்த்தது எனக் கருத வேண்டா. பதினெட்டு, இருபது வயதில் படையில் சேரும் சிப்பாய் ஒருவர் பதினைந்து முதல் இருபது ஆண்டுப் பணிக்குப் பின், நாற்பது வயதை எட்டுமுன்னரே வீடு திரும்புகிறார். படையில் கழித்ததைப்போல் இரு மடங்கு காலம் அவர் முன்னே விரிந்து கிடக்கிறது. குழந்தைகளின் படிப்பும், வீட்டுக் கடனும், பெற்றோரின் முதுமையும் ஒருசேர வந்து நிற்கும் வயது அது. நாட்டின் நன்றியுணர்வு உரைத்துப் பார்க்கப்படுவது அந்த நெடிய காலத்தில்தான்.

நம் ஊரும் படைமரபும்

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் வாழும் வாசகர்களுக்கு இது தொலைவான செய்தியாகத் தோன்றாது. வராகமூர்த்தி கோயிலும் அதன் பெரிய திருக்குளமும், அருகே பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டையும் திருவிதாங்கூர் அரசின் நினைவைச் சுமந்து நிற்கின்றன. 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படையை முறியடித்த மார்த்தாண்ட வர்மாவின் அரசு அது. அப்போர் நிகழ்ந்த குளச்சல் இன்று தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. விடுதலைக்குப் பின் திருவிதாங்கூர்ப் படை இந்தியத் தரைப்படையுடன் இணைந்தது. நீலகிரியின் வெலிங்டனைப் பயிற்சி மையமாகக் கொண்ட மெட்ராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாம் பட்டாலியன் இன்றும் திருவிதாங்கூர் என்னும் பெயரைத் தாங்கியுள்ளது. பாங்கோட்டில் இராணுவ முகாமும், ஆக்குளத்தில் 1984-இல் உருவான தென்னக வான்படைத் தலைமையகமும் நகரின் அன்றாட வாழ்வோடு கலந்துவிட்டவை. ஆகவே, ஒவ்வொரு தெருவிலும் முன்னாள் வீரர் ஒருவரையோ, வீரரின் துணைவியார் ஒருவரையோ காண்பது இங்கு இயல்பு.

நாடளவில் பார்த்தால், ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 வீரர்கள் முப்படைகளிலிருந்து ஓய்வு பெறுகின்றனர். பாதுகாப்புத் துறை ஓய்வூதியமும் குடும்ப ஓய்வூதியமும் பெறுவோர் 30 இலட்சத்திற்கும் மேற்பட்டோர்.

வங்கி வாயிலில் நிற்பவர்

வங்கிக்கு வரும் எவரும் முதலில் காண்பது வாயிற்காவலரை. அவருள் பெரும்பாலோர் முன்னாள் படைவீரர்கள். பொதுத்துறை வங்கிகளிலும் நிறுவனங்களிலும் எழுத்தர் நிலைப் பணிகளில் 14.5 விழுக்காடும், கடைநிலைப் பணிகளில் 24.5 விழுக்காடும் அவர்களுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. இவ்விரண்டிலும் 4.5 விழுக்காடு, போரில் உடற்குறை உற்றோர்க்கும் களத்தில் உயிர்நீத்தோரின் குடும்பத்தார்க்கும் உரியது. முன்னாள் வீரர்க்குரிய மறுவாழ்வுப் பயிற்சியும் வேலைவாய்ப்பு வழிகாட்டலும் பெற மாவட்டச் சைனிக நல அலுவலகத்தில் பெயரைப் பதிவு செய்தல் இன்றியமையாதது.

2022-இல் தொடங்கிய அக்னிபத் திட்டம் புதியதொரு தலைமுறையை உருவாக்குகிறது. நான்கு ஆண்டுப் பணிக்குப் பின் நான்கில் ஒரு பங்கினர் வரையே படையில் தொடர்வர். ஏனையோர்க்கு ஓய்வூதியம் இல்லை. சேவா நிதி என்னும் பெயரில் ஏறத்தாழ 11.71 இலட்சம் ரூபாய் ஒரே தொகையாகக் கிடைக்கும். இருபதுகளின் நடுவில் நிற்கும் இளைஞர் ஒருவர் அத்தொகையை மேற்படிப்புக்கும் தொழிலுக்கும் சேமிப்புக்கும் எவ்வாறு பகிர்கிறார் என்பதே அவரது எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். பெற்றோரும் பிள்ளைகளும் தொகை கைக்கு வருமுன்பே அமர்ந்து பேசித் திட்டமிடுதல் நலம்.

ஓய்வூதியம் தடையின்றி வர

ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் என்னும் கொள்கை 2014 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தொகை மறுவரையறை செய்யப்படுகிறது. 2003-இல் தொடங்கிய இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் உறுப்பினர்க்கும் அவரைச் சார்ந்தோர்க்கும் பணமில்லாச் சிகிச்சை அளிக்கிறது. முன்னர் வங்கிகளே கணக்கிட்டு வழங்கிய ஓய்வூதியம் இப்போது ‘ஸ்பர்ஷ்’ என்னும் இணையத் தளத்தின் வழியாக நேரே கணக்கில் வரவாகிறது. கணக்கீடு இடம் மாறினும் வங்கிக் கிளையின் துணை மாறவில்லை. ஆண்டுக்கொருமுறை அளிக்க வேண்டிய உயிர்வாழ் சான்றினை ஆதார் வழியே மின்னணு முறையில் பதிவு செய்யலாம். கைபேசியில் முகத்தைக் காட்டிப் பதியும் வசதியும் வந்துள்ளது. கைரேகை தேய்ந்த முதியோர்க்கு இது பேருதவி.

இவையெல்லாம் வீரர் வாழும் காலத்திற்கு உரியவை. அவர் மறைந்த பின்னரே பல குடும்பங்கள் உண்மையான இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றன. பணிப்பதிவேட்டில் மனைவியின் பெயர் ஒருவிதமாகவும் ஆதாரில் வேறுவிதமாகவும் இருக்கும். தமிழரிடையே தலைப்பெழுத்தின் விரிவும், மலையாளக் குடும்பங்களில் வீட்டுப் பெயரும் இக்குழப்பத்தை மிகுவிக்கின்றன. எழுத்தொன்று மாறினும் குடும்ப ஓய்வூதியம் மாதக்கணக்கில் தள்ளிப்போகக் கூடும். துயரத்தில் இருக்கும் முதிய பெண்மணி அலுவலகம் அலுவலகமாக ஏற வேண்டிவரும்.

இதனைத் தவிர்க்கும் வழி எளியது. வீரர் உடன் இருக்கும்போதே பின்வருவனவற்றைச் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, ஓய்வூதியக் கொடுப்பாணையில் துணைவியாரின் பெயரும் பிறந்த நாளும் ஆதாரில் உள்ளபடியே இருக்கின்றனவா எனப் பாருங்கள். வேறுபாடு இருப்பின் தம் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்திற்கு எழுதித் திருத்தம் பெறுங்கள்.

இரண்டாவது, பிறந்த நாள் பதிவைச் சிறிதெனக் கருதாதீர்கள். எண்பது வயது நிறைந்தோர்க்கு ஓய்வூதியத்தில் 20 விழுக்காடு கூடுதலாக உண்டு. அது 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் 100 விழுக்காடு என உயர்கிறது. குடும்ப ஓய்வூதியர்க்கும் இது பொருந்தும். பிறந்த நாள் பதிவாகாத மூதாட்டி உரிய வேளையில் இவ்வுயர்வைப் பெற இயலாது.

மூன்றாவது, ஓய்வூதியக் கணக்கைத் துணைவியாருடன் கூட்டுக் கணக்காக வைத்திருங்கள். பின்னாளில் குடும்ப ஓய்வூதியமும் அதே கணக்கில் வரவாகும்.

நான்காவது, கொடுப்பாணை, பணிவிடுப்புச் சான்று, இ.சி.எச்.எஸ். அட்டை, கணக்குப் புத்தகம் ஆகியவை எங்குள்ளன என்பதைத் துணைவியாரும் பிள்ளைகளும் அறிந்திருக்கட்டும்.

உயிர்வாழ் சான்று காலாவதியாகிவிட்டது எனத் தொலைபேசியில் அச்சுறுத்தி ஓ.டி.பி. கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வங்கியோ ஓய்வூதிய அலுவலகமோ அதனை ஒருபோதும் கேட்பதில்லை.

வரும் சனவரி 14 அன்று உங்கள் தெருவில் வாழும் முன்னாள் வீரரின் இல்லத்திற்குச் சர்க்கரைப் பொங்கலோடு சென்று வாருங்கள். அவர் மறைந்திருப்பின் அவர்தம் துணைவியாரைக் கண்டு, ஆவணங்களில் மேற்கூறியவை சரியாக உள்ளனவா என உடனிருந்து பாருங்கள். திருத்தம் தேவையெனில் மறுநாளே அவரைக் கிளைக்கு அழைத்து வாருங்கள். எங்கள் ஊழியர்கள் உதவக் காத்திருக்கிறார்கள்.