பகலில் ஆபீஸ், வார இறுதியில் கத்தரிக்கோல்: வேலையை விடாமல் ஹேர் ஸ்டைலிஸ்ட் ஆக முடியுமா?

மாதம் பிறந்தால் சம்பளம், 5-ம் தேதி வந்தால் இஎம்ஐ. இந்தச் சுழற்சிக்குள் இருப்பவர்களுக்கு வேறு தொழில் மேல் ஆசை வந்தாலும், ‘வேலையை விட்டுட்டுப் போய்ப் படி’ என்பது நடக்காத அறிவுரை. அதுவும் ஏ.ஐ. பேச்சு ஆபீஸ் கேன்டீன் வரை வந்துவிட்ட இந்த நாட்களில், கையில் ஒரு தொழில் இருந்தால் நல்லது என்று யோசிப்பவர்கள் அதிகம். அவர்களில் சிலரது பார்வை போகும் இடம், சலூன். முடி வெட்டும் வேலையை லேப்டாப் வழியாக வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தலை இருக்கும் இடத்தில்தான் கையும் இருந்தாகணும்.

சரி, பார்க்கும் வேலையைத் தொடர்ந்துகொண்டே இந்தத் தொழிலைக் கற்க முடியுமா? முடியும். ஆனால் நேரம், பணம், வேலை ஒப்பந்தம், வீடு என நாலு பக்கமும் கணக்குப் போட வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

வழிகள் மூன்று. முதலாவது, ஐ.டி.ஐ. ‘காஸ்மெட்டாலஜி’ என்ற ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. 10-ம் வகுப்பு தேர்ச்சி போதும், முடித்தால் தேசியத் தொழிற்சான்றிதழ் கிடைக்கும். ஆனால் இது முழுநேரப் படிப்பு. பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்குச் சரிப்பட்டு வராது.

இரண்டாவது, தனியார் அகாடமிகள். பெரிய சலூன் நிறுவனங்களே பயிற்சி மையங்களும் நடத்துகின்றன. மாலை நேர, வார இறுதி பேட்ச் உள்ள மையங்களைத் தேடலாம். சேரும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: மொத்தம் எத்தனை மணி நேரம்? அதில் நிஜ மனிதர்களின் தலையில் எத்தனை மணி நேரம்? கிட் கட்டணத்தில் அடங்குமா? சான்றிதழை யார் தருகிறார்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைப்பின் கீழ் இத்துறைக்கென ‘பியூட்டி அண்ட் வெல்னஸ் செக்டர் ஸ்கில் கவுன்சில்’ இயங்குகிறது. அதன் மதிப்பீட்டில் வரும் சான்றிதழும், அகாடமி தன் லோகோவை மட்டும் போட்டுத் தரும் சான்றிதழும் ஒன்றல்ல.

மூன்றாவது, நம்ம ஊரில் காலங்காலமாக இருக்கும் வழி. கடையில் சேர்ந்து, கூட்டிப் பெருக்கி, பார்த்துப் பார்த்துக் கற்பது. இப்படிக் கற்றவர்களுக்கும் சான்றிதழ் பெற வழி உண்டு. ‘ஆர்.பி.எல்’ எனப்படும் முன்கற்றல் அங்கீகார முறையில், கையில் இருக்கும் திறமையைச் சோதித்துச் சான்றளிக்கிறார்கள்.

வார இறுதி மட்டும் போதுமா?

ஒரு கணக்கு பார்ப்போம். 400 மணி நேரப் பயிற்சி தேவை என்று வைத்துக்கொள்வோம். ஞாயிறு 8 மணி நேரம், வார நாட்களில் மூன்று மாலைகள் தலா 2 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 14 மணி நேரம். அப்படியானால் சுமார் 29 வாரங்கள், அதாவது ஏறக்குறைய ஏழு மாதம். இடையில் வரும் தீபாவளி, ஆபீஸ் ரிலீஸ், வீட்டுக் கல்யாணம் எல்லாம் சேர்த்தால் ஒன்பது, பத்து மாதம் ஆகிவிடும்.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. சலூனில் கூட்டம் அலைமோதுவது சனி, ஞாயிறில்தான். வேலையைக் கண்ணால் பார்க்க அது நல்ல நேரம். ஆனால் சீனியருக்கு நின்று சொல்லித்தர நேரம் இருக்காது. பல ஊர்களில் சலூன்களுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஷிப்ட் வேலையில் இருப்பவர்கள் வார ஓய்வை வார நாட்களுக்கு மாற்றிக்கொள்ள முடிந்தால், கூட்டமில்லாத நாளில் கற்கலாம்.

மீதிப் பயிற்சி வீட்டில்தான், ‘டம்மி’ எனப்படும் பொம்மைத் தலையில். நிஜ முடி மாதத்துக்குச் சராசரியாக 1 செ.மீ.க்குச் சற்று அதிகமாக வளரும், டம்மி முடி வளரவே வளராது. அதனால் ஒரே டம்மியில் முதலில் நீளமான நேர்வெட்டு, அடுத்து லேயர், கடைசியில் குட்டை முடி என வரிசையாகப் பழகினால் செலவு குறையும்.

அப்படி என்ன இருக்கு கத்துக்க?

முடி வெட்டுவதில் பாதி, வடிவக் கணிதம். தலையைப் பகுதிகளாகப் பிரித்து, முடியை எந்தக் கோணத்தில் தூக்கி வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம். தூக்காமல் வெட்டினால் ஒரே நீளம். 45 டிகிரியில் அடுக்கு சேர்ந்து கனம் வரும். 90 டிகிரியில் லேயர். 1960-களில் லண்டனில் விடால் சசூன் பெயர் வாங்கியது இந்தக் கோட்டுத் துல்லியத்தால்தான். கழுவி, உதறினாலே வடிவத்துக்கு வரும் வெட்டு அவருடையது.

மறுபாதி, வேதியியல். கலரிங்கில் சாயத்துடன் கலக்கும் டெவலப்பர், ஹைட்ரஜன் பெராக்சைடு கொண்டது. ‘20 வால்யூம்’ என்றால் 6%, ‘40 வால்யூம்’ என்றால் 12%. மாற்றிக் கலந்தால் வாடிக்கையாளரின் தலையோட்டுத் தோல் வெந்துபோகலாம். பல நிரந்தரச் சாயங்களில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்குக் கடுமையான அலர்ஜி தரும். அதனால்தான் 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் சிறிது தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்.

சுத்தமும் பாடத்தில் உண்டு. ஒருவருக்குப் போட்ட பிளேடை இன்னொருவருக்குப் போட்டால் ஹெபடைட்டிஸ் பி, சி போன்ற ரத்தவழித் தொற்றுகள் பரவும் ஆபத்து இருக்கிறது.

ஆபீஸில் சொல்லணுமா?

விடுமுறை நாளில் படிப்பது இன்னொரு வேலை பார்ப்பதாகாது. ஆனால் சலூனில் சம்பளத்துக்கு நிற்கத் தொடங்கினால், காசு வாங்கி மணப்பெண் அலங்காரம் செய்தால், கதை மாறும். பல நிறுவனங்களின் பணி நியமனக் கடிதத்தில், முன் அனுமதி இல்லாமல் வேறு வருமானம் தரும் வேலை கூடாது என்ற வரி இருக்கும். 2022 செப்டம்பரில் விப்ரோ தலைவர் ரிஷத் பிரேம்ஜி, போட்டி நிறுவனங்களுக்கும் வேலை பார்த்த 300 பேரை நீக்கியதாகச் சொன்னது நினைவிருக்கலாம். சலூன் போட்டி நிறுவனம் இல்லை என்றாலும், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பேசும். ஹெச்.ஆருக்கு ஒரு மெயில் போட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்வது பாதுகாப்பு.

அரசு ஊழியர்களுக்கு இன்னும் கறார். 1973-ம் ஆண்டு தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளின்படி, அனுமதி பெறாமல் தொழில் செய்ய முடியாது.

வீட்டில் என்ன சொல்வாங்க?

‘படிச்சிட்டு முடி வெட்டப் போறியா?’ இந்தக் கேள்விக்குள் இருப்பது சாதி. தலைமுறை தலைமுறையாக ஒரு சமூகத்தின் மீது சுமத்தப்பட்ட தொழில் இது. செய்தவர்களை ஊர் மரியாதையாக நடத்தியதில்லை. அதே வேலை ஏ.சி. அறைக்குள் வந்து ‘ஹேர் ஸ்டைலிஸ்ட்’ ஆனதும் அதற்குக் கட்டணம் கூடியது, கவுரவமும் ஓரளவு வந்தது. தெருமுனைக் கடைக்காரருக்கு அது இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை.

இது அரசுத் திட்டங்கள் வரை விவாதமானது. 2023 செப்டம்பரில் தொடங்கிய மத்திய அரசின் ‘பி.எம். விஸ்வகர்மா’ திட்டத்தின் 18 தொழில்களில் முடி திருத்துதலும் ஒன்று. குடும்பத் தொழில் என்ற அடிப்படையை நீக்கச் சொன்ன தமிழ்நாடு அரசு, அத்திட்டத்தை அப்படியே செயல்படுத்த முடியாது என 2024 நவம்பரில் அறிவித்தது. பதிலாக 2025 ஏப்ரலில் ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ தொடங்கப்பட்டது. 3 லட்சம் ரூபாய் வரை கடன், 25% மானியம் (அதிகபட்சம் 50,000 ரூபாய்) என்ற அந்தத் திட்டத்துக்குக் குறைந்தபட்ச வயது 35. அதாவது 20-களில் இருக்கும் ஐ.டி. ஊழியருக்கு அது பொருந்தாது. முத்ரா கடனுக்கு அந்த வயதுக் கட்டுப்பாடு இல்லை. ‘சிஷு’ பிரிவில் 50,000 ரூபாய் வரை, ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரை கேட்கலாம்.

உடம்பு தாங்குமா?

நாற்காலியில் உட்கார்ந்தே பழகிய உடம்பு, நாள் முழுக்க நிற்க வேண்டிவரும். தோள், மணிக்கட்டு, இடுப்பு மூன்றும் பேசும். ஷாம்பூ, சாயம் என ஈரத்திலேயே இருப்பதால் கையில் தோல் அழற்சி இத்துறையில் பரவலான பிரச்சினை. முடிதிருத்துநர் பணியில் ஏற்படும் ரசாயனத் தொடர்பை, ‘புற்றுநோய் உண்டாக்கக்கூடும்’ என்ற 2ஏ பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கையுறையும் காற்றோட்டமும் அவசியம். ஐந்து நாள் ஆபீஸ், இரண்டு நாள் சலூன் என ஓய்வே இல்லாமல் ஓடினால் இரண்டிலும் கை நடுங்கும். மாதம் ஒரு ஞாயிறாவது விடுப்பு எடுப்பது நல்லது.

எப்போ பேப்பர் போடலாம்?

முதலில், சலூன் வருமானம் மாதாமாதம் ஒரே அளவில் வராது. தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்களில் கை ஓயாது. ஆடியில் கல்யாண ஆர்டர்கள் குறையும். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் முடி வெட்ட வரமாட்டார்கள். எனவே நல்ல மாதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், ஒரு வருஷ வரவைக் கவனியுங்கள்.

அடுத்தது கிராஜுவிட்டி. நிரந்தர ஊழியருக்குப் பொதுவாக 5 ஆண்டு சேவை தேவை. நாலரை வருஷத்தில் இருப்பவர் சில மாதம் பொறுத்தால், வேலை பார்த்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் கிடைக்கும்.

மூன்றாவது, மருத்துவக் காப்பீடு. ஆபீஸ் பாலிசி வேலையோடு போய்விடும். தனிப் பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். அதனால் வேலையில் இருக்கும்போதே தனியாக ஒன்று எடுத்துவிட்டால், அந்தக் காலம் ஓடத் தொடங்கும்.

சொந்தக் கடை யோசனை இருந்தால் வரியையும் பாருங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். சலூன் சேவைக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. ஆனால் வாங்கும் பொருட்களுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது.

கடைசியாக ஒரு சோதனை. உறவினர், நண்பர் யாரும் கணக்கில் வேண்டாம். முன்பின் தெரியாத ஒருவர் காசு கொடுத்து முடி வெட்டிப் போய், அடுத்த மாதம் உங்கள் பெயரைச் சொல்லிக் கேட்டுத் திரும்பி வருகிறாரா? அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். அந்தப் பட்டியலின் மாத வருமானம் இஎம்ஐ, வாடகை, காப்பீடு மூன்றையும் தாண்டும் வரை, திங்கட்கிழமை காலை ஆபீஸ் ஐ.டி. கார்டைக் கழற்ற வேண்டாம்.