மூளையின் பகுதிகளும் அவற்றின் பணிகளும்

மனித மூளையின் எடை சுமார் 1,400 கிராம். அதன் பெரும்பகுதி பெருமூளையாகும். சிந்தனை, நினைவு, புலனுணர்வு, பேச்சு ஆகியவற்றுக்கு அதுவே இருப்பிடம். அதன் இடப்பாதி உடலின் வலப்புறத்தையும், வலப்பாதி இடப்புறத்தையும் இயக்குகின்றன. பின்புறம், கீழே அமைந்துள்ள சிறுமூளை, நடை தள்ளாடாதபடி தசைகளின் அசைவைச் சீர்ப்படுத்துகிறது. அடியிலுள்ள முகுளமோ, நாம் உறங்கும்போதும் சுவாசத்தையும் இதயத் துடிப்பையும் ஒழுங்குபடுத்துகிறது.

1861-இல் பாரிஸ் நகரில், பால் புரோக்கா என்னும் அறுவை வைத்தியர் ஒரு நோயாளியைப் பரிசோதித்தார். பிறர் கூறியது அந்நோயாளிக்கு விளங்கிற்று. ஆயினும் அவர் வாயினின்று வந்தது பெரும்பாலும் 'டான்' என்ற ஒலியே. அவர் இறந்தபின் ஆராய்ந்தபோது, பெருமூளையின் இடப்புற முன்பகுதி சிதைந்திருக்கக் காணப்பட்டது. பேச்சை இழந்தவர் அறிவை இழந்தவரல்லர் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் இதை மனத்திற்கொள்ளல் வேண்டும். ஒருவருக்குத் திடீரென வாய் கோணி, ஒரு கை தளர்ந்து, பேச்சுக் குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். இரத்தக் கட்டியே காரணமாயின், அதைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4½ மணி நேரத்திற்குள் செலுத்தியாக வேண்டும். ஆதலால், அறிகுறி தோன்றிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அவரைத் தாமதமின்றி மருத்துவமனையில் சேர்ப்பித்தல் நம் கடமையாகும்.