மூவகை நுரை

கடலூர் திருப்பாதிரிப்புலியூரானாலும் சிதம்பரம் கீழவீதியானாலும், காப்பிக்கு நுரை வருவது கையை உயர்த்தி ஆற்றுவதனால்தான் என்பதை நேயர்கள் அறிவார்கள். பாலிலுள்ள புரதம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளுகிறது. காப்பியும் வாய் பொறுக்கும் சூட்டுக்கு வந்துவிடுகிறது.

2020-ஆம் ஆண்டில், கொரோனாவுக்கு அஞ்சி ஊரே கதவடைத்திருந்தபோது, கொரியாவிலிருந்து ‘டல்கோனா’ என்றொரு காப்பி நம் அடுக்களைகளில் பிரவேசித்தது. இன்ஸ்டன்ட் காப்பித்தூள், சர்க்கரை, வெந்நீர் மூன்றும் சம அளவு. நானூறு தடவை அடிக்கவேண்டுமாம்! திரண்ட நுரையைக் குளிர்ந்த பாலின்மேல் மிதக்கவிடுவார்கள். வடக்கே வெகுநாளாக இதைக் கோப்பையிலேயே கரண்டியால் அடித்து, மேலே சூடான பாலை ஊற்றுகிறார்கள். 1957-இல் கிரேக்க நாட்டுத் தெஸ்ஸலோனிக்கி நகரக் கண்காட்சியில் பிறந்த ‘ஃப்ராப்பே’யைக் குளிர்ந்த நீரில் குலுக்கினாலே போதும்.

நம் டிகாக்‌ஷனை இப்படி அடித்துப் பிரயோஜனமில்லை. அது நீர்த்தது, தூளின் எண்ணெயும் அதில் இறங்கியிருக்கிறது. இன்ஸ்டன்ட் தூளில் எண்ணெய் மிகக் குறைவு. ஆனாலும் டல்கோனா நுரையை நெடுநேரம் நிறுத்திவைப்பது சர்க்கரைப்பாகுதான். அதைக் குறைத்தால் நுரையும் விரைவில் தளர்ந்துவிடும். நீரிழிவுள்ள தாத்தாவுக்குப் பேத்தி ஆசையோடு அதை நீட்டினால் அவர் என்ன செய்வார், பாவம்! ஆற்றிய காப்பியில் இந்தச் சங்கடம் இல்லை. சர்க்கரை ஒரு துளி போடாமலே நுரை எழும்.