ஒரே காற்று: மேற்கே மழை, கிழக்கே வெக்கை. ஏன்?

ஆடி மாதத்தில் இலங்கையின் மேற்கு மலைச்சரிவிலுள்ள வட்டவளையில் குடையை மடக்க நேரமிருக்காது. அதே வாரம் கிழக்குக் கரையில், மட்டக்களப்பில், கொடியில் போட்ட சேலை கொஞ்ச நேரத்தில் மொறமொறத்துவிடும், உதடு வெடிக்கும். இரண்டுக்கும் காரணம் ஒரே தென்மேற்குக் காற்றுதான்.

நடுவே நிற்கிறது மலைநாடு. அதன் உச்சி, பீதுருதாலகாலை, 2,524 மீட்டர். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைமேல் ஏறும்போது அழுத்தம் குறைந்து விரிகிறது, குளிர்கிறது. ஈரம் மேகமாகத் திரளும்போது, ஆவி தன்னுள் வைத்திருந்த வெப்பத்தைக் காற்றுக்கே விட்டுவிடுகிறது. அதனால் மேகத்துக்குள் ஏறும் காற்று கிலோமீட்டருக்குச் சுமார் 6 டிகிரிதான் குளிர்கிறது. மழையைக் கொட்டிவிட்டு, உலர்ந்து மறுபக்கம் இறங்கும்போதோ கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி சூடேறுகிறது. கணக்கைப் பாருங்கள்: ஏறுமுன் இருந்ததைவிடச் சூடாகவே அது அடிவாரம் சேர்கிறது! கிழக்கு மாகாணத்தார் அதைக் கச்சான் காற்று என்பார்கள், திட்டிக்கொண்டேதான்.

ஆனால் கிழக்குச் சரிவிலுள்ள ஊவா மலைத் தோட்டங்களுக்கு அது வரம். உலர்காற்றில் வாடும் தேயிலைக் கொழுந்தில் மணப்பொருள்கள் கூடும். ஊவாத் தேயிலையின் பேர்போன மணம் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான பறிப்பில்தான். மார்கழியில் வடகிழக்குக் காற்று திரும்பி வீசும்போது மட்டக்களப்பில் வெள்ளம், மேற்குச் சரிவில் வெயில்.