வேலிக்கு வரும் குளிர்கால விருந்தாளி

1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை எழுந்தபின் மண்ணூர்பேட்டைப் பக்கத்தின் தோற்றமே மாறிவிட்டது. ஆயினும் எஞ்சியுள்ள கொல்லை வேலிகளிலும் ஏரிக்கரைப் புதர்களிலும் புரட்டாசி முதல் பங்குனி வரை 'டக், டக்' என்றொரு குரல் கேட்கிறது. குரலுக்குரிய பறவையோ எளிதில் கண்ணில் படுவதில்லை.

அங்கத்தினர்கள் இதனை வேறு இரு பறவைகளினின்றும் பிரித்தறிதல் வேண்டும். இலையின் ஓரங்களைத் துளைத்துப் பஞ்சிழையாலும் சிலந்தி நூலாலும் தைத்துக் கூடு கட்டும் தையல்சிட்டு நம் நெசவாளர்களுக்கு உறவு என்றே சொல்லலாம். அதன் நெற்றி செம்பழுப்பு, வால் நிமிர்ந்திருக்கும். சாம்பல் கதிர்க்குருவியின் முதுகு சாம்பல் நிறம். நீண்ட வாலை ஆட்டியவண்ணம் இருக்கும். இவ்விரண்டும் ஆண்டு முழுதும் இங்கேயே வாழ்பவை.

மூன்றாவதற்கு அடையாளமே அடையாளமின்மைதான். மேலே கோடற்ற மங்கிய பழுப்பு, கீழே வெளிறிய நிறம், கண்ணுக்கு மேல் குறுகிய வெளிர்கோடு, கூரிய அலகு. நீளம் சுமார் 13 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 12 கிராம். இதுவே பிளித் நாணல் கதிர்க்குருவி. கல்கத்தா ஆசியச் சங்க அருங்காட்சியகத்தின் காப்பாளராயிருந்த எட்வர்ட் பிளித் 1849-இல் இதனை விவரித்தார். பெயரில் நாணல் இருப்பினும், இது பெரிதும் நாடுவது புதரையே.

பின்லாந்து முதல் சைபீரியா வரையுள்ள நாடுகளில் கோடையில் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, குளிர்காலத்தை இந்தியாவிலும் இலங்கையிலும் கழிக்கிறது. பின்லாந்திலிருந்து இங்கு வர 6,000 கிலோமீட்டருக்கு மேல் பறத்தல் வேண்டும். தேய்ந்த சிறகுகளை உதிர்த்துப் புதியன வளர்த்துக்கொள்வதும் பெரும்பாலும் இங்கேதான். திரும்பும் பயணத்துக்கு வேண்டிய சிறகும் வலிமையும் நம் வேலியிலுள்ள பூச்சி, புழு, சிலந்திகளிலிருந்தே கிடைக்கின்றன.

இக்குருவியே பயிர்ப்பூச்சிகளை ஒழித்துவிடும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் பயிரில் பூச்சி கண்டவுடன் வேலிக்கும் சேர்த்து மருந்து தெளிப்பதும், வேலியை ஒரே நாளில் அடியோடு வெட்டுவதும் தேவையற்றவை. மருந்தைத் தேவையான பயிரோடு நிறுத்துவோம். வேலியை ஓராண்டு ஒரு பாதி, மறு ஆண்டு மறு பாதி எனக் கழித்து வருவோம். இதனால் எவருக்கும் செலவில்லை. மருந்துச் செலவில் சிறிது மிச்சமும் உண்டு. நெடுந்தொலைவிலிருந்து வரும் விருந்தாளிக்கும் இடம் இருக்கும்.