சொன்னால்தானே தெரியும்!

கடுகு எண்ணெயைப் புகை வரும்வரை காயவிட்ட பிறகுதான் வங்காளத்திலும் பீகாரிலும் ஒடிசாவிலும் அதில் மீனைப் போடுவார்கள். அப்படிக் காய்ந்தால்தான் அந்த எண்ணெயின் காரமும் பச்சை வாடையும் அடங்கும். பழக்கமில்லாதவர்களுக்கு அந்தப் புகையில் தொண்டை கமறும், கண் எரியும். திருப்பூரிலோ அம்பத்தூரிலோ ஒரு லைன் வீட்டில், ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் இரவு பதினொரு மணிக்கு இப்படி அடுப்பு மூட்டினால் பக்கத்துப் போர்ஷன்காரர்களின் தூக்கம் போகும். மறுநாள் வீட்டுக்காரர் ஆள் பிடித்துக் கொடுத்தவரிடம், "ராத்திரி நேரத்துல தாளிக்க வேண்டாம்னு சொல்லுங்க" என்று சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். பல இடங்களில் அப்படி யாரும் சொல்வதில்லை. "இந்த ஆளுங்களே இப்படித்தான்" என்ற முணுமுணுப்புதான் வருகிறது. ஒரு சமையல் முறை, ஒரு வேலை நேரம், ஒரு சின்ன அறை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு மாநிலத்து மக்களின் குணமாகிவிடுகின்றன. ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் இடையே எழும் உரசல்களில் பெரும்பாலானவை இந்த வகையைச் சேர்ந்தவை. நாம் வாய்விட்டுச் சொல்லாத ஒரு விதியை அவர் மீறுகிறார். நாம் அதை அவருடைய பிறவிக் குணமாக எழுதிக்கொள்கிறோம்.

இது ஏதோ சில தொழில் நகரங்களின் தலைவலி என்று ஒதுக்க முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் இடம்பெயர்ந்து வாழ்பவர்கள் சுமார் 45 கோடி. அதில் மாநில எல்லையைத் தாண்டியவர்கள் 5 கோடிக்குச் சற்று மேல். மத்திய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கை, ரயில் பயணிகள் கணக்கை வைத்து, ஆண்டுக்குச் சராசரியாக 90 லட்சம் பேர் வேலைக்காக மாநிலம் விட்டு மாநிலம் போவதாக மதிப்பிட்டது. மீதமுள்ள கோடிகளில் பெரும்பங்கு கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண்கள். புகுந்த வீட்டின் சொல்லாத விதிகளைப் பேச்சு வாங்கியே கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். ஒரே மொழிக்குள்ளும் இந்தச் சிக்கல் உண்டு. கொங்கு நாட்டில் சின்னப் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்பார்கள். சென்னைத் தெருவில் 'நீ, வா' என்பது நெருக்கம். கோயம்புத்தூர்க்காரர் சென்னைக்கு வந்த புதிதில் ஊரே தன்னை மட்டம் தட்டுவதாக நினைப்பதும், சென்னைக்காரர் கோவையில் தன்னை அறியாமல் மரியாதை கெட்டவர் என்று பெயரெடுப்பதும் இதனால்தான். மொழியும் மாறும்போது இந்தத் தூரம் எவ்வளவு கூடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நாம் 'அவங்க பழக்கம்' என்று சொல்வதில் பாதிக்குமேல் உண்மையில் பழக்கமே அல்ல, இடநெருக்கடி. சாயங்காலமானால் பத்துப் பேர் தெருமுனையில் கூடி நிற்கிறார்கள் என்பது குடியிருப்புகளில் அடிக்கடி கேட்கும் புகார். பத்துக்குப் பத்து அறையில் ஆறேழு பேர் தங்கினால், படுப்பதற்கு மட்டும்தான் அந்த அறை உதவும். உட்கார்ந்து பேச, ஊருக்குப் போன் போடத் தெருதான் மிச்சம். தெருக்குழாயடியில் துண்டோடு குளிப்பதும் அப்படியே. பெண்கள் நடமாடும் இடத்தில் அது சங்கடம்தான், மறுக்க வேண்டாம். ஆனால் இருபது பேருக்கு ஒரு குளியலறை கட்டி வாடகை வாங்குகிறவர் அந்தச் சங்கடத்தில் தன் பங்கை ஏற்பதில்லை. பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று ஒரே பாயை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடத்தில் சமையலுக்கு நேரம் காலம் பார்க்க முடியாது. அதே சம்பளத்தில் அதே அறையில் நம் ஊர் ஆட்கள் தங்கியிருந்தாலும் இதே காட்சிதான் தெரியும்.

இரண்டாவது குழப்பம், வந்திருப்பவர் யார் என்பதே நமக்குத் தெரியாமல் இருப்பது. 'இந்திக்காரங்க' என்ற ஒரே அட்டையை ஒட்டிவிடுகிறோம். அவர்களில் ஒடியா, வங்காளி, அசாமி, சந்தாலி, மைதிலி, போஜ்புரி பேசுகிறவர்கள் ஏராளம். பலருக்கு இந்தி என்பது வழியில் கற்றுக்கொண்ட மொழி. வடக்கே போன தமிழர், மலையாளி, தெலுங்கர் எல்லோரையும் 'மதராசி' என்று ஒரே மூட்டையாகக் கட்டியபோது நமக்கு வலித்தது. அதே வேலையைத்தான் இங்கே செய்கிறோம். வடக்கத்தியர் என்றால் சைவம் என்ற நினைப்பும் அப்படித்தான். 2014-ல் மத்திய அரசின் மாதிரிப் பதிவு முறை எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் அசைவம் சாப்பிடுபவர்கள் 97 சதவீதத்துக்கு மேல். மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் கிட்டத்தட்ட அதே அளவு. பீகாரிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். ஒற்றுமைகள் அதைவிட ஆச்சரியமானவை. நம் பழையசோற்றுக்கு ஒடிசாவில் 'பகாலா', வங்காளத்தில் 'பாந்தா பாத்', அசாமில் 'பொயிட்டா பாத்' என்று பெயர். தண்ணீர் ஊற்றி வைத்த சோறு, கூடவே வெங்காயம், பச்சை மிளகாய், வறுத்த மீன். ஒடிசாக்காரர்கள் மார்ச் 20-ஐப் பகாலா தினமாகவே கொண்டாடுகிறார்கள். பக்கத்து அறையில் இருப்பவர் காலையில் என்ன சாப்பிடுகிறார் என்று ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும் செய்தி இது.

கேட்காததன் நஷ்டம் தொழிற்சாலைகளுக்கும் உண்டு. இங்கே போனஸ், லீவு எல்லாம் தீபாவளியை ஒட்டி. பீகாரிகளுக்கோ தீபாவளிக்கு ஆறாம் நாள் வரும் சட் பூஜைதான் பெரிது. ஆற்றங்கரையில் நின்று மறையும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் படைக்க வேண்டும், வீட்டில் விரதம் இருப்பது பெரும்பாலும் அம்மா. வங்காளிக்கு அதற்கு முன்பே துர்கா பூஜை வந்துவிடும். அசாமியருக்குப் பொங்கல் சமயத்தில்தான் மாக பிஹு. தீபாவளிக்கு மூன்று நாள் லீவு கொடுத்துவிட்டு, 'போனவன் சொன்ன தேதிக்கு வரவில்லை, பொறுப்பில்லாதவன்' என்று மேஸ்திரி திட்டுகிறார். போகவர நான்கு நாள் ரயில், நடுவில் பண்டிகை. அந்த லீவுக்குள் இது அடங்காது என்பது நாள்காட்டியைப் பார்த்தாலே தெரியும். யாருக்கு எந்தப் பண்டிகை என்று ஆண்டின் தொடக்கத்திலேயே கேட்டு எழுதிவைத்து ஆட்களைப் பிரித்து அனுப்பினால் உற்பத்தியும் படுக்காது, ஒருவர்மேல் கெட்ட பெயரும் விழாது.

"அதெல்லாம் சரி, வந்தவர்தானே இந்த ஊருக்கு ஏற்ப நடந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஊரின் ஒழுங்கைக் கற்க வேண்டிய பொறுப்பு வந்தவருக்கு நிச்சயம் உண்டு. ஆனால் எதற்கு ஏற்ப என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சட்டம் ஒன்று, அடுத்தவருக்குத் தொல்லை தராமல் இருப்பது இன்னொன்று, நம் ரசனை மூன்றாவது. தமிழ்நாட்டில் குட்கா விற்பனைக்கு 2013 முதல் தடை இருக்கிறது. பான்பராக் போட்டுப் படிக்கட்டில் துப்புவது சுகாதாரக் கேடு. இவற்றில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. இரவில் ஸ்பீக்கரில் பாட்டு வைப்பது தொல்லை. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற 2000-ஆம் ஆண்டு விதி நம் கோயில் கொடைக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் சேர்த்துத்தான். கடுகு எண்ணெய் வாசனை, பேச்சின் சத்தம், உடுத்தும் விதம் ஆகியவை மூன்றாம் வகை. கருவாடு வறுக்கும் வீட்டுக்கு உள்ள உரிமை அந்த எண்ணெய்க்கும் உண்டு. எந்த வகை என்று தெரியாமல் தடுமாறினால், உள்ளூர்க்காரர் இதைச் செய்தால் என்ன சொல்வோம் என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தால் போதும்.

இந்த அளவுகோல் நம் பக்கமும் திரும்பும். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் அசைவம் சாப்பிடும் மாநிலத்தின் தலைநகரில் 'சைவம் மட்டும்' என்ற வாடகை விளம்பரம் சாதாரணமாகத் தொங்குகிறது. சில வீடுகளில் அது உண்மையிலேயே சமையலறை பற்றிய கவலை. பல வீடுகளில் அது சாதியையும் மதத்தையும் நேரடியாகக் கேட்காமல் கேட்கும் உபாயம். சொல்லாத விதியால் விலக்கப்படும் அனுபவம் ராஞ்சியிலிருந்து வந்தவருக்கு மட்டும் சொந்தமல்ல. ராமநாதபுரத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சென்னைக்கு வந்தவர்களுக்கும் அது பழக்கமானதுதான். விதியை வெளிப்படையாகச் சொல்லும்படி கேட்பதில் இன்னொரு லாபம் இங்கே தெரிகிறது. வெளியே சொல்லக் கூச்சப்படும் நிபந்தனைக்கு நியாயம் இல்லை என்பது, சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்கிறவருக்கே விளங்கிவிடும்.

மொழி போய்விடும், வேலை போய்விடும் என்ற அச்சம் இதைவிடக் கனமானது. 1937-லும் 1965-லும் இந்தித் திணிப்பை எதிர்த்துப் போராடிய மாநிலத்தில், கடைக்குள் நுழைந்ததும் இந்தி காதில் விழுந்தால் ஒரு முள் தைப்பது இயல்பு. ஆனால் வங்கி கவுன்டரிலோ ரயில் நிலையத்திலோ உட்கார்ந்துகொண்டு தமிழில் பதில் சொல்ல மறுக்கும் ஊழியரும், இட்லியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு 'ஓர் குச்?' என்று கேட்கும் பையனும் ஒன்றல்ல. முதலாமவர் கையில் அதிகாரம் இருக்கிறது. தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று அவரிடம் கறாராகக் கேட்பது நம் உரிமை. இரண்டாமவர் தனக்குத் தெரிந்த பொதுமொழியில் பிழைப்பைப் பார்க்கிறார். ஆறு மாதத்தில் 'இன்னும் என்ன வேணும்ணா?' என்று அவரே கேட்பார். முதலாமவர்மேல் உள்ள கோபத்தை இரண்டாமவர்மேல் காட்டுவதால் தமிழுக்கு ஒரு நன்மையும் இல்லை. வேலை விஷயத்திலும் கோபம் இடம் மாறித்தான் விழுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைப்பேறு தமிழ்நாட்டில் 1.8, பீகாரில் 3. ஆள் தேவை இங்கே, ஆட்கள் அங்கே. கூலி குறைவது கவலையென்றால், மாநிலங்களுக்கு இடையே புலம்பெயர்ந்த தொழிலாளர்களுக்காக 1979-ல் வந்த சட்டமே, அதே வேலை செய்யும் உள்ளூர்க்காரரைவிடக் குறைத்துக் கொடுக்கக் கூடாது என்று அன்றே சொல்லியிருந்தது. கேள்வி கேட்க வேண்டியது கான்ட்ராக்டரை.

பேச்சுவார்த்தை இல்லாத இடத்தை வதந்தி நிரப்பும். 1966-ல் பம்பாயில் சிவசேனா பிறந்தபோது, தென்னிந்திய அதிகாரிகளின் பெயர்ப் பட்டியல்களைப் பத்திரிகையில் அச்சிட்டு வெறுப்பு வளர்க்கப்பட்டது; உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. 2012 ஆகஸ்ட்டில், அசாம் கலவரத்துக்குப் பழிவாங்கப் போகிறார்கள் என்ற குறுஞ்செய்திகளை நம்பி வடகிழக்கு மாநிலத்தவர் ஆயிரக்கணக்கில் பெங்களூரு ரயில் நிலையத்தில் குவிந்தார்கள். மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்புவதை மத்திய அரசு 15 நாள் தடைசெய்ய வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில், வேறெங்கோ நடந்த சம்பவங்களின் வீடியோக்களைக் காட்டி, தமிழ்நாட்டில் பீகாரிகள் தாக்கப்படுவதாகப் பரப்பினார்கள். உண்மை அறிய பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. இவற்றின் பின்னால் அரசியல் கைகள் இருந்தன, வெறும் புரிதல் குறைபாடு மட்டும் காரணமல்ல. ஆனால் செய்தி உண்மையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள எதிர்வீட்டில் ஒருவர் பழக்கமாக இருந்திருந்தால், பலர் அவசரமாக மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள்.

கேரளத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. பிளைவுட் ஆலைகள் நிறைந்த பெரும்பாவூரில் ஒடிசா, அசாம், வங்கத் தொழிலாளர்களுக்காக 2017-ல் மாநில எழுத்தறிவு இயக்கம் 'சங்ஙாதி' என்ற மலையாள வகுப்பைத் தொடங்கியது; 'ஹமாரி மலையாளம்' என்று பாடப்புத்தகமும் போட்டது. எர்ணாகுளம் மாவட்டத்தின் 'ரோஷ்ணி' திட்டத்தில், வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அவர்கள் தாய்மொழி தெரிந்தவர்களை வைத்தே மலையாளம் சொல்லிக்கொடுத்தார்கள். இதனால் அங்கே உரசலே இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் கற்றுக்கொள் என்று அதட்டுவதற்கு முன் கற்றுக்கொடுக்க ஓர் ஏற்பாடு வேண்டும் என்பதை அந்த அரசு ஒப்புக்கொண்டது. தமிழ்நாட்டில் இதை ஒவ்வொரு வீட்டுக்காரரும் மேஸ்திரியும் தன்னளவில் செய்யலாம். தண்ணீர் எப்போது வரும், குப்பையை எங்கே போட வேண்டும், இரவு எத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது, விருந்தாளி தங்கலாமா என்பதை முன்பணம் வாங்கும் அன்றே ஒரு தாளில் எழுதி, ஒடியாவோ வங்காளமோ இந்தியோ தெரிந்த ஒருவரை வைத்து மொழிபெயர்த்து, கதவுக்குப் பின்னால் ஒட்டிவிடலாம். முதல் அடியை உள்ளூர்க்காரர் எடுத்துவைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல: சாவியும் சம்பளப் பட்டியலும் அவர் கையில் இருக்கின்றன, விதிகளும் அவருக்குத்தான் தெரியும். சொன்ன பிறகும் மீறுகிறவரைக் கண்டிக்கலாம், தேவையானால் காலி செய்யவும் சொல்லலாம். அந்தக் கண்டிப்பு அந்த ஒரு ஆளோடு நிற்கும். அவருடைய மாநிலத்தின்மேல் போய் விழாது.